சேமக்காலை எழுத்து

அன்று உப்புவெளிக் கரையில் நின்றவர்கள் ஆறு பேர். வள்ளத்தின் சொந்தக்காரர், நான் தம்பி என்று கூப்பிடுகிறவர். அவருடைய மனைவி. அவர்களின் ஒரே மகள், அப்போது ஏழு வயது. மனைவியின் தாய்மாமன், எங்கள் ஒழுங்கை முழுக்க மாமா என்று அழைக்கிற வயதான மனிதர். என் கணவர். பிறகு நான். ஒரு நாயும் வந்து தேங்காய் உடைக்கும்வரை படுத்திருந்தது. இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அந்த எழுத்து எங்கே இருந்து எடுக்கப்பட்டது என்று தெரியும். அந்த ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

வள்ளம் புதிது. கடும் நீலத்தில் ஃபைபர் வள்ளம். இரண்டு தென்னங்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். முன்பக்கத்தில், அணியத்தின் இரு புறமும் மகளின் பெயரை எழுதித் தரச் சொல்லித் தம்பி கேட்டிருந்தார். ஐந்து எழுத்துப் பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளை இப்போதும் பள்ளிக்கூடம் போய் வருகிறது.

பெயின்ற் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, சுற்றி ஒட்டியிருந்த தாளை நான் உரித்தேன். நீலத்தின் மேல் வெள்ளையாக எழுத்து தெரிந்தது. பிள்ளை கிட்ட வந்து பார்த்துவிட்டுச் சொன்னது:

“பெரியம்மா, என்ர பேருக்கு முள்ளு முளைச்சிருக்கு.”

“முளைக்கட்டும்,” என்றார் தம்பி. “முள்ளிருந்தாத்தான் ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தார்.

“உந்த எழுத்தை நான் எங்கையோ கண்டனான்.”

“பஸ்ஸில கண்டிருப்பியள் மாமா,” என்றார் என் கணவர்.

“பஸ்ஸில இல்லை.”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தம்பி சிரித்துவிட்டு விட்டிருப்பார், அல்லது அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுங்கோ அக்கா என்றிருப்பார். பெயின்ற் முழுதாகக் காயக்கூட இல்லை. நான் தாளைச் சுருட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன். கற்பூரம் கொளுத்தினார்கள், தேங்காய் உடைத்தார்கள், அவல் தந்தார்கள்.

என் தொழில் இதுதான். வீட்டின் முன்னறையில் ஸ்டிக்கர் வெட்டுகிற மெசின் ஒன்று வைத்திருக்கிறேன். ஆட்டோக்களுக்கும் வள்ளங்களுக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் பெயர் வெட்டிக் கொடுக்கிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது என்னோடு படித்தவர்கள் இரண்டு வகுப்பு முன்னே போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு போய் இருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அதனாலோ என்னவோ, எழுத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்கு முதலில் சொல் தெரியும். எனக்கு முதலில் உருவம்தான் தெரியும். கால் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எந்த இடத்தில் கத்தி திரும்ப வேண்டும் என்றுதான் பார்ப்பேன்.

பயமும் என்னோடு கூடவே பிறந்தது. மெசினைப் பூட்டினேனா, பிளக்கைக் கழற்றினேனா, கொடுத்த எழுத்தில் ஏதும் விட்டுப்போனதா என்று இரண்டு தரம் எழும்பிப் பார்க்காமல் சாப்பிட உட்கார மாட்டேன். நெருப்புப்பெட்டி வாங்கினாலும் இன்சூரன்ஸ் கேட்பாய் என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

ஆட்டோ ஓட்டுகிற பொடியன்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிடிக்கும். கோதிக் என்று சொல்வார்கள். கறுப்பாய், தடிப்பாய், இரும்புக் கேற்றின் கம்பிகளை நெருக்கி நட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் ஆப்பு மாதிரி ஒரு பாதம், தலையில் ஈட்டி மாதிரி ஒரு கூர். அதை வைத்து நீளமாக எழுதினால் வாசிக்க ஏலாது. ஒரு சொல்லை, பெரிதாக, தூரத்திலிருந்து பார்க்க வைத்தால்தான் அதன் மிடுக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு அது கம்பியூட்டரில் சும்மா கிடைக்கிறது. தமிழுக்கு நான் தேடிய இடத்தில் இல்லை. எங்கள் எழுத்து சுழியும் வளைவும். தடித்த தமிழ் எழுத்து என்று கிடைப்பதெல்லாம் பலூனை ஊதிவிட்டதுபோல் இருக்கும்.

பட்டினத்துக்குள் வெள்ளைக்காரரின் பழைய சேமக்காலை ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் இருந்த காலத்தில் செத்தவர்களைப் புதைத்த இடம். ஆட்டோ ஓட்டுகிற என் கணவர் வெளிநாட்டு ஆட்களை ஹயருக்குக் கொண்டுபோய் அங்கே இறக்குவார். ஒருநாள் மருந்து எடுக்கப் போன நான் ஆட்டோவில் இருந்தேன். ஹயருக்கு வந்த இருவரையும் அவர் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்க, நானும் நிழலுக்காக உள்ளே போனேன். சரிந்த கல் ஒன்றில் அதே கோதிக் எழுத்தில் இரண்டு வரி. என்ன எழுதியிருந்தது என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஆனால் கம்பியூட்டரில் இருப்பதைவிட அது அழகு. கம்பியூட்டர் எழுத்தில் எல்லாக் காலும் ஒரே அளவு. கல்லில் ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் தனித்தனியாக வெட்டியிருக்கிறான். ஒரு கால் சற்றுக் கட்டை, ஒரு கூர் சற்றுச் சாய்வு. புள்ளி வட்டமாக இல்லை, சாய்சதுரமாக இருந்தது. போனில் படம் எடுத்தேன். எடுக்கும்போது ஒரு பயமும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு அந்த ஒரு நாள் ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

தம்பி வந்து கேட்டபோது, ஆட்டோவுக்கு எழுதுற மாதிரி ஒரு எடுப்பான எழுத்து, ஆனால் தமிழில் வேண்டும் என்றார். கடற்படைக்காரன் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பெயர் நிற்க வேண்டுமாம். மகள் பிறந்தபோது அவர் வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்த வள்ளம் வாங்கினால் அவள் பெயரைத்தான் வைப்பேன் என்று அப்போதே சொன்னவராம்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். சுழியை உடைத்து மூன்று கோடாக்கினேன். வளைவு வரும் இடமெல்லாம் மூலை வைத்தேன். கால்களுக்குக் கல்லில் இருந்த அதே ஆப்புப் பாதம். புள்ளி வரும் எழுத்துக்குச் சாய்சதுரம். ஐந்து எழுத்துக்கு ஒன்பது நாள் எடுத்தது. அழகாக வந்தது. இதை நானே சொல்லக்கூடாது, ஆனால் என் கையால் நான் செய்ததில் அதுதான் அழகு.

பிறகு வழமையான பயம் பிடித்தது. கூரான எழுத்துக்கு ஸ்டிக்கர் சரிவராது. கூர்தான் முதலில் கிளம்பும். முன்பு ஒரு ஆட்டோவுக்கு இப்படி வெட்டி ஒட்டி, முதல் மழையிலேயே நுனியெல்லாம் சுருண்டு, ஆட்டோக்காரர் வந்து, “அக்கா, உங்கட எழுத்துக்கு மீசை முளைச்சிட்டு,” என்று ஒழுங்கைக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். கடல் தண்ணீரில் இது எத்தனை நாள் நிற்கும்? அதனால் ஸ்டிக்கராக ஒட்டாமல், தாளில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையோடு தாளை வள்ளத்தில் ஒட்டி, உள்ளே பெயின்ற் அடிக்க முடிவுசெய்தேன்.

பெயின்ற் பிடிப்பதற்கு அந்த இடத்தைச் சாண்ட் பேப்பரால் கொஞ்சம் சொரசொரப்பாக்க வேண்டும். மெல்லிய தாளை எடுத்து இரண்டு தடவை தடவினால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். புதுவள்ளம் அச்சிலிருந்து வரும்போது மேலே மெழுகு இருக்கும், மெழுகு போகாவிட்டால் பெயின்ற் உரியும் என்று யாரோ சொன்னது என் மண்டைக்குள் இருந்தது. முரட்டுத் தாளை எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தின் ஓட்டைக்குள்ளும், கூர்களுக்குள் தாளை மடித்து நகத்தால் அழுத்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உரசினேன். தம்பி பார்த்துவிட்டு, “அக்கா வள்ளத்தில ஓட்டை போடப்போறா,” என்று சிரித்தார். விரலில் இரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அந்த எழுத்து உரியவே இல்லை.

இரண்டு வருடத்துக்குமேல் அந்த வள்ளம் ஓடியது. இடையில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் வந்தது. எல்லா வள்ளமும் கரையில் வெயிலில் கிடந்தன. நீலம் வெளுத்துச் சாம்பல் பிடித்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. நான் கடற்கரைக்குப் போனால் கூர்களைத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் கிளம்பவில்லை என்று நிம்மதியாகத் திரும்பி வருவேன்.

தம்பி கடலில் சாகவில்லை. காய்ச்சல் என்று படுத்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் கணவர்தான் ஆட்டோவில் ஏற்றிப் போனார். ஐந்தாம் நாள் விடிய, ஆள் இல்லை என்று சேதி வந்தது. முப்பத்தாறு வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் போயிருந்தேன். குசினிக்குள் பெண்கள் சமைத்துக்கொண்டிருக்க, முற்றத்தில் கதிரைகளில் ஆம்பிளைகள் இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது மாமா என் கையிலிருந்து கோப்பையை வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

“எனக்கு இப்பதான் ஓடிச்சுது பிள்ளை. உந்த வள்ளத்து எழுத்து. நான் இளந்தாரியா இருக்கேக்க வெள்ளைக்காரன்ர சேமக்காலையில புல்லு வெட்டினனான். அங்கத்தைக் கல்லில இருக்கிற எழுத்தெல்லோ அது?”

முற்றத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அது கம்பியூட்டரில வாற எழுத்து மாமா,” என்றேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் அவர் கேட்டது போதும். ஒரு கிழமைக்குள் கரை முழுக்க அதே கதை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரைச் சேமக்காலை எழுத்தில் எழுதி வள்ளத்தில் போட்டால் தகப்பனைக் கொண்டுபோகாமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். என்னிடம் யாரும் நேரே கேட்கவில்லை. ஆனால் ஆட்டோக்காரர்கள் வருவது குறைந்தது.

நான் தம்பியின் மனைவியை நினைத்துத்தான் பயந்தேன். வள்ளத்தையும் இஞ்சினையும் கடனில் வாங்கியிருந்தார்கள். ஆறு லட்சம் மிச்சம் இருந்தது. வள்ளத்தை இஞ்சினோடு ஏழு லட்சத்துக்கு விற்றால் கடனை அடைத்துவிட்டு ஒரு லட்சம் கையில் நிற்கும். ஒழுங்கை முகப்பில் ஒருவர் மிளகாயும் அரிசியும் அரைக்கிற பழைய மெசின் ஒன்றைத் தொண்ணூறாயிரத்துக்கு விற்க வைத்திருந்தார். அதை வாங்கிப் போட்டால் வீட்டில் இருந்தபடி பிள்ளையைப் பார்க்கலாம். இல்லையென்றால் ஏஜென்சிக்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு, இரண்டு வருடம். தகப்பன் போன ஆறு மாதத்தில் தாயும் போவது. இதுதான் விஷயம். அவள் இதை அழாமல் விரல் மடித்துச் சொன்னாள். நான்தான் அழுதேன்.

உப்புவெளிக் கரையில் அந்த வள்ளத்தை யாரும் கேட்கவில்லை. பார்க்க வந்த இரண்டு பேரும் அணியத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுறம் என்று போனார்கள். கடைசியில் என் கணவர் மூதூர்ப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, அங்கே மீன்வியாபாரம் செய்கிற ஒருவர் ஏழு லட்சத்துக்கு வாங்கச் சம்மதித்தார். இஞ்சின் நல்லம், வள்ளத்தை வந்து பார்க்கிறேன், பெயரை மட்டும் அழித்து வையுங்கள் என்று போனில் சொன்னாராம்.

எழுதினவள் நான், அழிப்பதும் நான்தான் என்று முன்னுக்கு நின்றேன். தின்னர் போத்தலும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு காலையில் கடற்கரைக்குப் போனேன். அவளும் வந்தாள். நான் வலப்பக்கம், அவள் இடப்பக்கம். வெள்ளைப் பெயின்ற் இளகி வழிந்தது. துணி துணியாகத் துடைத்தோம். பிள்ளையின் பெயரை அதன் தாய் துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அடக்கிக்கொண்டு கையை ஓட்டினேன்.

பெயின்ற் முழுக்கப் போனது. பெயர் போகவில்லை.

முதலில் ஈரம் என்று நினைத்தேன். காயட்டும் என்று இருந்தோம். காயக் காய இன்னும் தெளிவாகத் தெரிந்தது. வள்ளமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, பெயின்றுக்குக் கீழே இருந்த நீலம் வாங்கின நாள் நீலமாகவே இருந்தது. அதோடு நான் உரசின உரசல். ஒவ்வொரு கூரும், ஒவ்வொரு ஆப்புப் பாதமும், அந்தச் சாய்சதுரப் புள்ளியும் மேற்பூச்சில் பள்ளமாய் இறங்கியிருந்தன. விரலை வைத்தால் விளிம்பு தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டே வாசிக்கலாம். வெள்ளையில் இருந்தபோது அது ஒரு வள்ளத்தின் பெயர். இப்போது பார்க்க, நான் படம் எடுத்த அந்தக் கல்லேதான்.

அவள் எழும்பி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். “இது ஏன் அக்கா இப்பிடி?” என்று மட்டும் கேட்டாள். வெயிலில் வெளுத்ததைச் சொன்னேன். உரசினதைச் சொல்லவில்லை.

மறுநாள் மூதூர்க்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், வள்ளத்தின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் சரி என்று தலையாட்டினார். அணியத்துக்கு வந்தபோது நின்றார். விரலால் ஓர் எழுத்தை மேலிருந்து கீழே தடவினார். அவருக்கும் கதை போயிருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் மரியாதையான மனிதர். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

“எனக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. நான் ஏறுவன். என்ட ஆக்கள் ஏறமாட்டாங்க,” என்றார். “இது பெயின்ற் அடிச்சாலும் தெரியும். பூச்சை நிரவி முழு வள்ளத்தையும் திருப்பி அடிக்கணும்.”

எவ்வளவு போகும் என்று என் கணவர் கேட்டார். மூதூர்க்காரர் தெரிந்த பட்டறை ஒன்றுக்கு அங்கேயே போன் எடுத்துக் கேட்டார். கூலியும் சாமானுமாகத் தொண்ணூறாயிரம். ஏழில் அது போக மிச்சம் தருகிறேன், விருப்பமில்லாவிட்டால் குறை நினைக்கமாட்டேன் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவள் விரல் மடித்து ஒருதரம் கணக்குப் பார்த்தாள். பிறகு, “கொண்டு போங்கோ,” என்றாள்.

அவர் போனபிறகு, என் கணவர் ஆட்டோவடிக்குப் போனார். நானும் அவளும் வள்ளத்தடியில் நின்றோம். என்னால் அதற்கு மேல் தாங்க ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சேமக்காலைக்குள் போனது, படம் எடுத்தது, மாமா கேட்டபோது பொய் சொன்னது, முரட்டுத் தாளால் உரசினது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் பரவாயில்லை அக்கா என்பாள் என்றும் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

“அவர் காய்ச்சலிலதான் செத்தவர்,” என்றாள். “எழுத்தால ஒருத்தரும் சாகிறேல்லை. அது எனக்குத் தெரியும்.”

நான் தலையாட்டினேன்.

“ஆனா உதை இண்டைக்கு ஏன் எனக்குச் சொல்லுறியள்? உங்கட மனப்பாரத்தை இறக்கி வைக்க என்ர தலைதானோ கிடைச்சுது? இதைக் கேட்டு நான் என்ன செய்ய? பாவமன்னிப்புத் தர நான் ஆர்? எனக்கு மெசின் வாங்கத் தொண்ணூறாயிரம் வேணும் அக்கா. இருந்தாத் தாங்கோ. இல்லாட்டி ஒண்டும் சொல்லாதேங்கோ.”

அவள் கத்தவில்லை. மீனுக்கு விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

“தாறன்,” என்றேன். “மாதம் முடியிறதுக்குள்ள தாறன்.”

அப்படிச் சொன்னதும் என் புத்திதான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் பகிடி பண்ணவில்லை. எங்கே இருந்து எடுப்பாய் என்று கேட்டார். என்னிடம் விற்க இருந்தது வெட்டுகிற மெசின் ஒன்றுதான். அதை விற்றால் பிறகு நாங்கள் எதைத் தின்பது என்றார். அதுவும் சரிதான். சோடிக் காப்பு ஒன்று ஏற்கனவே அடகில் இருந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டேன். கடற்கரையில் என்னைப் பற்றி ஓடிய கதையோடு யார் தருவார்கள்? மாத முடிவில் இருபதாயிரம் கொண்டுபோனேன். ஒரு கடையின் கண்ணாடி முழுக்க எழுதின கூலியும், என் கணவர் ஆட்டோ டயருக்குச் சேர்த்து வைத்திருந்ததும்.

அவள் வாங்கி எண்ணி அலுமாரிக்குள் வைத்தாள். தேத்தண்ணி தந்தாள். அரைக்கிற மெசினை அதற்கு முதல் கிழமையே நிலாவெளிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னாள். நீங்கள் பிந்தினதால்தான் என்று சொல்லவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் மேசையில் இருந்தது. பக்கத்தில் பிள்ளையின் கொப்பியும் பென்சிலும்.

அவள் போன அன்று என் கணவரின் ஆட்டோவில்தான் பஸ் நிலையத்துக்குப் போனோம். பிள்ளை தாயின் மடியில் இருக்கவில்லை. மாமாவுக்கும் எனக்கும் நடுவில் நெருங்கி இருந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தது. கொழும்பு பஸ் வெளிக்கிடும்வரை தாய் அதற்கு ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். விடிய எழும்பிக் குளி, மாமாவுக்கு அலுப்புக் கொடுக்காதே, கணக்குப் பாடத்துக்கு ரியூசனுக்குப் போ. என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். மிச்சக் காசை மாமாவின் கையில் கொடுங்கோ, பிள்ளையின் படிப்புக்கு. பஸ் போனபிறகு அந்தப் பிள்ளை என்னிடம், குவைத்துக்கு வள்ளத்தில் போக ஏலாதா பெரியம்மா என்று கேட்டது. ஏலாது என்றேன். அப்பாவின் வள்ளத்தில் என்றாலுமா என்றது. மாமா அதன் தலையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டார்.

வள்ளம் இப்போது மூதூரில் பச்சை நிறத்தில் ஓடுகிறதாம். வேறு பெயர், சாதாரண உருண்டை எழுத்து. என் கணவர் கண்டிருக்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. கோதிக் எழுத்துக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் கம்பியூட்டரில் உள்ளதை வெட்டிக் கொடுக்கிறேன். தமிழில் கேட்டால் இல்லை என்கிறேன். அந்த ஐந்து எழுத்தையும் கம்பியூட்டரிலிருந்து அழிக்கவில்லை. அழிக்கத் திறந்தால் பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால் நல்லது.

மாதம் பிறந்து முதல் ஞாயிறு மாமாவிடம் போகிறேன். அவர் கதவைத் திறந்து, கதிரையைக் காட்டி, காசை வாங்கி என் முன்னாலேயே பிள்ளையிடம் கொடுத்து எண்ணச் சொல்லுவார். சேமக்காலை பற்றி அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. தாயின் போன் வந்தால் பிள்ளை குசினிக்குள் கொண்டுபோய்க் கதைக்கும். போன ஞாயிறு நான் இருக்கும்போதே போன் வந்தது, பிள்ளை அங்கேயே நின்று ஸ்பீக்கரில் எடுத்தது. பெரியம்மா வந்திருக்கிறாவோ என்று தாய் கேட்டது எனக்குக் கேட்டது. ஓம் என்றது பிள்ளை. எவ்வளவு தந்தவா என்று கேட்டாள். மூவாயிரம் என்று பிள்ளை சொல்லிவிட்டு, தான் கொப்பியில் போட்டு வைத்திருந்த கணக்கைத் தாய்க்கு வாசித்துக் காட்டியது. கூட்டல் சரி. இன்னும் நான் கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.